கடைமுகத்துக்கு மறுநாள்

ஐப்பசி 1, சனிக்கிழமை

விடியற்காலையில் முதல் தூறல். உலகம் உண்டான நாள்முதல் இப்படியொரு தூறல் விழுந்ததில்லை என்று எழுத எனக்குப் பூரண உரிமை உண்டு. ஏனென்றால் அந்நேரம் பட்டமங்கலத் தெருவில் விழித்திருந்தவன் நான் ஒருவன்தான். ஓட்டின் மேல் ஒவ்வொரு துளியும் இளநீர்க்குலை விழுவதுபோல் விழுந்தது.

காலையில் அபயா போனில் ஒரு படம் காட்டினாள். ஏதோ குளிர்நாடாம். மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக, தரையெல்லாம் இலை.

“இலையுதிர் காலம்னா இதான் மாமா. எவ்ளோ அழகு பாருங்க.”

“பாவம், அவங்களுக்கு இலைதான் உதிருது. மாயவரத்துல வானமே உதிருது” என்றேன்.

“ஆரம்பிச்சாச்சு” என்று மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அபயா என் தங்கை மகள். வேலைக்காக என் வீட்டில் தங்கியிருக்கிறாள் என்பது ஊருக்குச் சொல்வது. என்னை ஆள்வதற்காகத் தங்கியிருக்கிறாள் என்பதே உண்மை.

அவள் காட்டிய படத்துக்குப் போட்டியாக, இந்த மாதம் முழுக்க ஐப்பசியின் இன்பங்களை இதில் பதிவு செய்யப்போகிறேன். எதிர்காலச் சந்ததிகள் தெரிந்துகொள்ளட்டும். ஐயாறப்பன், வயது ஐம்பத்தொன்பது, அபயாம்பிகை சவுண்ட் சர்வீஸ் உரிமையாளன், மூன்று மாவட்டங்களில் என் குரலைக் கேட்டு அழுகையை நிறுத்தாத குழந்தை கிடையாது.

முதல் இன்பம்: சுக்குக் காப்பி. எதிர்வீட்டுச் சௌந்தரவல்லி அம்மாள் போட்டது. என் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று சொல்லி வாங்கிவந்தேன். அடுப்பு நன்றாகத்தான் எரிகிறது.


ஐப்பசி 3, திங்கட்கிழமை. தீபாவளி

எண்ணெய் ஸ்நானம். தலையில் வைத்த எண்ணெயில் ஒரு கப்பலே ஓட்டலாம். மழை வெடியை நனைத்தது, வெடி மழையைப் பயமுறுத்தியது. கடைசியில் இரண்டும் சமாதானமாகிப் புகையாகப் போயின. இதைவிட இன்பமான காட்சி தேவலோகத்திலும் இல்லை.

தீபாவளி லேகியம் கொண்டுவந்தார் சௌந்தரவல்லி அம்மாள். போன மாதம்தான் தபால் ஆபீஸ் கவுண்ட்டரிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் அவருக்கு நான் கொடுத்திருக்கும் பட்டம் போஸ்ட்மாஸ்டரம்மா. அவர் என்னைச் சவுண்டுக்காரரே என்பார். பட்டத்துக்குப் பட்டம் சரியாகிவிட்டது.

“போஸ்ட்மாஸ்டரம்மா, இந்த லேகியத்தைத் தின்னா செத்த யானை எழுந்து ஓடும்!”

“யானைக்கு வேண்டாம் சவுண்டுக்காரரே. நீங்க அஞ்சாறு அதிரசம் முழுங்கியிருப்பீங்க, அதுக்குத்தான்.”

“அஞ்சாறா? ஐநூறு!”

“ஏழு. அபயா சொன்னா.”

இவரிடம் எதையும் பெரிதாகச் சொல்லித் தப்ப முடியாது. ஆயுசு முழுக்கத் தராசில் கவர் வைத்து எடை பார்த்த கை.

போகிறபோக்கில் ஒரு செய்தி சொன்னார். கணவர் காலமாகிப் பல வருடம்; மகன் குமரகுரு புனேயில் வேலை பார்க்கிறான் அல்லவா? இனி அம்மா தனியாக இருக்க வேண்டாம், அங்கேயே வந்துவிடுங்கள் என்கிறானாம். ஐப்பசி முழுக்கக் காவிரியில் துலாக் கட்டத்தில் குளித்துவிட்டு, மாதக் கடைசி நாளின் கடைமுக முழுக்கையும் முடித்துவிட்டு, கார்த்திகை முதல் தேதி ரயிலேறுகிறாராம். வீட்டையும் காலி செய்கிறாராம்.

தகவலுக்காக எழுதி வைக்கிறேன். வேறு காரணமில்லை.


ஐப்பசி 4, செவ்வாய்க்கிழமை

மழை. எழுத ஒன்றுமில்லை.


ஐப்பசி 7, வெள்ளிக்கிழமை

துலாக் கட்டத்தில் மைக் செட் போட்டாகிவிட்டது. இந்த மாதம் கங்கையே காவிரியில் குளிக்க வருகிறாள் என்பது நம்பிக்கை. ஊர் உலகத்தின் பாவத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு அவள் கறுத்துப் போய், இங்கே வந்து முழுகித்தான் பழைய நிறம் பெறுகிறாளாம். அப்படிப்பட்ட விருந்தாளிக்கு வரவேற்பு சொல்லும் பொறுப்பு அடியேனுடையது. “ஆழத்துக்குப் போகாதீங்க, படியில வழுக்கும், நகையப் பத்திரமா வெச்சுக்குங்க” என்று சொல்கிறேன். கங்கைக்கும் சேர்த்துத்தான்.

இன்பங்கள்: ஆற்றின் மேல் புகைபோல எழும் காலைப் பனி. ஈரப் படியில் மஞ்சள் வாசனை. டீக்கடையில் கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வது. வயர்களை ஈரம் படாமல் சுற்றிக் கட்டிய பிறகு வரும் பெருமிதம்.

சௌந்தரவல்லி அம்மாள் தினமும் ஆறு மணிக்கு வருகிறார். மூன்று முழுக்கு. பிறகு கடைசிப் படியில் கொஞ்ச நேரம் காலை நீரில் விட்டு உட்கார்ந்திருப்பார். மீன்கள் வந்து கடிக்குமாம். சிரிப்பார்.

இதை நான் கவனித்ததாக யாரும் நினைக்கக் கூடாது. மேடையிலிருந்து பார்த்தால் எல்லோரும்தான் தெரிவார்கள்.


ஐப்பசி 12, புதன்கிழமை

ஓடு ஒழுகுகிறது. வீட்டில் உள்ள எல்லாப் பாத்திரங்களும் கூடத்தில் கச்சேரிக்கு உட்கார்ந்துவிட்டன. குண்டான் கடம் வாசிக்கிறது, சொம்பு ஜால்ரா போடுகிறது. சமைக்கப் பாத்திரம் இல்லாததால் எதிர்வீட்டில் சாப்பாடு. மிளகு ரசமும் சுட்ட அப்பளமும். அந்த ரசத்தைக் குடித்ததும் மூக்கிலிருந்து போன பிறவியின் ஜலதோஷம்கூட வெளியேறியது.

இன்று ஒரு மாற்றம் கவனித்தேன். இத்தனை நாளும் ஆன்ட்டி என்றுதான் அபயா அவரைக் கூப்பிடுவாள். இன்று “அத்தை, இன்னும் கொஞ்சம் ரசம்” என்றாள். என் தங்கை மகள் அத்தை என்று கூப்பிட வேண்டியவள் இந்த உலகத்தில் யார் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்பதும் தெரியும்.

சௌந்தரவல்லி அம்மாள் ரசக் கரண்டியை ஒரு நொடி அப்படியே பிடித்திருந்தார். பிறகு ஊற்றினார். நான் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிகச் சிறப்பான அப்பளம்.

வீட்டுக்கு வந்ததும், “என்னடி புது உறவு?” என்று கேட்டேன்.

“நல்லாருக்குல்ல?” என்றாள். அவ்வளவுதான் பதில்.


ஐப்பசி 19, புதன்கிழமை. பௌர்ணமி

சிவன் கோயிலில் அன்னாபிஷேகம். லிங்கத்தின் மேல் சாதத்தை மலையாகக் குவித்துச் சாத்தி, காய்கறியும் அப்பளமும் வைத்து அலங்காரம். பார்த்த கணமே பசித்தது. சாமி கும்பிடப்போய்ப் பசி வருவது பாவமில்லை, ஐப்பசியின் விசேஷம்.

“இமயமலை தோத்துது போங்க” என்றேன்.

“மூணு மூட்டை அரிசி” என்றார் சௌந்தரவல்லி அம்மாள். குருக்களைக் கேட்டிருக்கிறார்.

பிரசாதச் சாதத்தை வாழையிலையில் வாங்கிக்கொண்டு மூவரும் பிராகாரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மழை நின்று நிலா வந்திருந்தது. ஈரத் தரையில் இன்னொரு நிலா.

“புனேல ஐப்பசி எப்படி இருக்குமோ” என்றார் திடீரென்று.

“அங்கெல்லாம் ஐப்பசியே கிடையாதும்மா. புரட்டாசிலேருந்து நேரா பங்குனிக்குப் போயிடுவாங்க.”

சிரித்தார். பிறகு, “அவனும் நல்ல பையன். தனியா இருக்கேனேன்னு தவிக்கிறான். வேண்டாம்னு சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்ல பாருங்க” என்றார். என்னைப் பார்த்துச் சொன்னாரா, இலையைப் பார்த்துச் சொன்னாரா என்று சரியாகத் தெரியவில்லை.

நான் இலையில் சிதறிக்கிடந்த சாதத்தை ஒன்றுகூட்டினேன்.


ஐப்பசி 20, வியாழக்கிழமை

அபயா பேசவில்லை. தோசைக்குச் சட்னி இல்லை. கேட்டதற்கு, “வேணும்னா வேணும்னு வாயத் தொறந்து கேக்கணும்” என்றாள்.

“கேட்டேனே!”

“சட்னியச் சொல்லல.”


ஐப்பசி 23, ஞாயிற்றுக்கிழமை

எதிர்வீட்டில் சாமான் கட்டுகிறார்கள். போய் உதவினேன். அட்டைப்பெட்டியில் கயிறு கட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. கூம்பு ஒலிபெருக்கியைத் தென்னைமரத்தில் கட்டியவனுக்குப் பெட்டி எம்மாத்திரம். நான் போட்ட முடிச்சைப் புனேயில் ராணுவம் வந்துதான் அவிழ்க்க வேண்டும்.

“இவ்ளோ இறுக்கிக் கட்டினா நான் எப்படிப் பிரிக்கிறது?” என்றார்.

“பிரிக்க வேண்டாமே.”

சொல்லிவிட்டேன். ஏறக்குறைய சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். உடனே நான், “அந்த முடிச்சோட பேரு பிரம்மாஸ்திரம், அனுமாரையே கட்டினது” என்று ஆரம்பித்து, இலங்கை தகனம்வரை போய்விட்டேன். வால் எரிந்து முடிவதற்குள் அவர் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.


ஐப்பசி 25, செவ்வாய்க்கிழமை

அபயா எனக்குப் பாடம் எடுக்கிறாள். எதற்கென்று இருவரும் வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

“மாமா, சின்னதா ஒரு வாக்கியம். உவமை கூடாது. சாமி வரக்கூடாது. மிருகம் எதுவும் வரக்கூடாது.”

“யானைகூடவா?”

“யானை கூடவே கூடாது.”

முயன்று பார்த்தேன். என் வாய் பெரிய ஊர்வலங்களுக்குப் பழகிய தெரு. அதில் ஒற்றை ஆளாக ஒரு வாக்கியம் நடந்துவர வெட்கப்படுகிறது. பெண் பார்க்கப் போன காலத்திலும் இதே கதைதான். போன வீடுகளிலெல்லாம் பஜ்ஜியைப் புகழ்ந்தேன். பெண்ணைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. பிறகு தங்கைகளுக்கு முடிக்க வேண்டியிருந்தது, முடித்தேன், மழைக்காலங்கள் போய்விட்டன. அதனால் குறைந்துபோனது ஒன்றுமில்லை. பஜ்ஜி நிறையக் கிடைத்தது.


ஐப்பசி 27, வியாழக்கிழமை

இன்று துணிந்தேன்.

குளித்துவிட்டுத் திரும்பும்போது அவருடைய ஈரத்துணி வாளியை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தேன். தூறல். ஒரே குடை, அது அவருடையது, பாதிக்கு மேல் என் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தார். மணிக்கூண்டுப் பக்கம் வந்ததும் தொண்டையைச் செருமினேன்.

“போஸ்ட்மாஸ்டரம்மா, நீங்க போயிட்டீங்கன்னா காவிரி வத்திடும். மழை கோவிச்சுக்கிட்டு ராஜஸ்தானுக்குக் குடிபோயிடும். கோயில் யானை பட்டினி கெடக்கும். சாமியே மயில் வாகனத்த எடுத்துக்கிட்டுப் புனேக்குக் கிளம்பிடுவாரு!”

குடை ஆடும்படி சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. என் முகத்தையே பார்த்தார்.

“இன்னும் ஏதாவது இருக்கா?”

“இந்த மாதிரி இன்னும் நூறு இருக்கு!”

“நூறு வேணாம்” என்றார். வாளியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அபயாவிடம் நடந்ததைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். “ஒண்ணு போதும்னு சொல்லியிருக்காங்க மாமா! ஒரே ஒண்ணு! யானைய வேற உள்ள விட்டீங்களா?”


ஐப்பசி 30, ஞாயிற்றுக்கிழமை. கடைமுகம்

காலையிலிருந்து மேடையில்தான். ஐப்பசியின் கடைசி நாளான இன்று சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு ஆற்றங்கரைக்கு வந்துவிட்டார்கள். சாமிகளைப் பார்க்கச் சனங்கள். சனங்களைப் பார்க்கப் பலூன்காரர்கள். பூமியின் எடை இன்று மாயவரம் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. “சிகப்புச் சட்டை போட்ட குழந்தை மேடைகிட்ட அழுதுக்கிட்டு நிக்குது. அம்மா உடனே வரவும்.” “ஒரு பக்கத்துச் செருப்ப விட்டவங்க இன்னொரு பக்கத்தோட வந்து வாங்கிக்கவும்.” குரல் கம்மிப்போகும் அளவுக்குக் கூப்பிட்டேன். ஊரில் தொலைந்த அத்தனை பேரையும் உரியவரிடம் சேர்த்தேன்.

உச்சிப்பொழுதில் சௌந்தரவல்லி அம்மாள் வந்தார். அபயாவும் கூட. முழுகிவிட்டு, ஈரத்தோடு மேடைக்கு எதிரே கொட்டகை ஓரமாக நின்றார். நான் கையசைத்தேன். அவரும் அசைத்தார். ஐந்து நிமிடத்தில் இறங்குகிறேன் என்று சைகை செய்தேன். அதற்குள் ஒரு தாத்தாவைக் காணோம். அவர் கிடைத்ததும் ஒரு கைப்பை. பிறகு வானம் கிழிந்தது. தார்ப்பாய் இழுத்து ஆம்ப்ளிஃபையரை மூடி, வயர்களைப் பிடுங்கி, மழையோடு மல்லுக்கட்டி, நிமிர்ந்தபோது கொட்டகை ஓரத்தில் யாருமில்லை.

வீட்டுக்கு வந்தேன். எதிர்வீட்டு ஜன்னலுக்குள் கூடம் முழுக்கப் பெட்டிகள், வாசல் கதவு சாத்தியிருந்தது. நாளை சாயந்திரம் ரயில்.

அபயா துண்டு கொண்டுவந்து என் தலையைத் துவட்டினாள். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“ரொம்ப நேரம் நின்னாங்க மாமா.”

“மாசம் முடிஞ்சுபோச்சு” என்றேன்.

“முடியல. நாளைக்கு முடவன் முழுக்கு.”

இருபத்தைந்து வருடமாக அந்தக் கட்டத்தில் மைக் கட்டுகிறேன். கடைமுகம் முடிந்ததும் மேடையைப் பிரித்துவிட்டுப் படுத்துவிடுவது என் வழக்கம்; அந்த ஒரு நாளை நான் ஆற்றங்கரையில் பார்த்ததே இல்லை. நடக்க முடியாத ஒருவன் ஐப்பசிக்குள் வந்துசேர வேண்டுமென்று எங்கிருந்தோ தவழ்ந்து வந்தானாம். வந்து சேர்ந்தபோது மாதம் முடிந்துவிட்டது. கரையில் கிடந்து அழுதானாம். போனால் போகிறது, நீ வந்த நாளும் கணக்கில் சேரும் என்று சாமி சொல்லிவிட்டாராம். அன்றுமுதல் கார்த்திகை முதல் தேதியும் துலா ஸ்நானத்தில் சேர்த்தி.

“லேட்டா வர்றவங்களுக்குன்னே சாமி விட்ட நாள்” என்றாள் அபயா. “அதையும் விட்டீங்கன்னா, அப்புறம் சாமியே ஒண்ணும் பண்ண முடியாது.”


கார்த்திகை 1, திங்கட்கிழமை

கூட்டமில்லை. மைக் இல்லை. நேற்றைய பலூன் ஒன்று படியில் கிடந்தது. பஸ் கெட்டுப்போய் நேற்று வந்துசேர முடியாத ஒரு குடும்பம் குளித்துக்கொண்டிருந்தது. சௌந்தரவல்லி அம்மாள் கடைசிப் படியில் காலை நீரில் விட்டு உட்கார்ந்திருந்தார். அபயாதான், நேற்றுக் கூட்டத்தில் சரியாக முழுகவில்லை என்று சொல்லி அழைத்து வந்திருந்தாள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“போகாதீங்க” என்றேன்.

அவர் காத்திருந்தார். “அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

“காவிரி வத்தாதா?”

“வத்தாது.”

“மழை?”

“அது பாட்டுக்குப் பெய்யும்.”

“அப்ப எதுக்கு நான் இருக்கணும்?”

“எனக்கு.”

அவர் எழுந்து நீரில் இறங்கினார். மூன்று முழுக்கு. மூன்றாவது முழுக்கில் வெளியே வர ஒரு யுகம் ஆயிற்று; இது மிகைப்படுத்தல் இல்லை. கரையேறி, முகத்தைத் துடைத்து, பையிலிருந்து போனை எடுத்தார்.

“குமரகுரு, அம்மாதான். நான் வரலப்பா... உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல... வேண்டாம்னு சொல்லக் காரணம் இல்லாம இருந்துச்சு. இப்ப ஒண்ணு இருக்கு... இரு, அதுவே பேசும்.”

போனை என்னிடம் நீட்டிவிட்டார். மூன்று மாவட்டங்களுக்கு அறிவிப்புச் செய்தவனுக்கு ‘ஹலோ’ என்கிற சொல் மறந்துபோனது.

“மாமாவா?” என்றான் அந்தப் பக்கம். பிறகு, “அம்மா போன வாரம் முழுக்க உங்களப் பத்தித்தான் பேசினாங்க. திட்டித்தான் பேசினாங்க. எனக்கு அப்பவே சந்தேகம்” என்றான். சிரித்தான். நல்ல பையன், அவர் சொன்னது சரிதான். “அது சரி மாமா, இங்க குளிருமேன்னு அம்மாவுக்கு ரெண்டு ஸ்வெட்டர் வாங்கி வெச்சிருக்கேன். என்ன பண்றது?”

அடைத்திருந்ததெல்லாம் அப்போது உடைத்துக்கொண்டது. “ரெண்டையும் அனுப்பிவைப்பா! ஒண்ணு எனக்கு! மாயவரத்துக் கார்த்திகைக் குளிர உனக்குத் தெரியாது. பாலு பசு மடியிலயே தயிரா ஒறஞ்சுபோகுது! ராத்திரியில நான் மூணு கம்பளி, ரெண்டு ஜமுக்காளம் போத்திக்கிட்டும் பல்லு தந்தி அடிக்குது!”

சௌந்தரவல்லி போனைப் பிடுங்கினார்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லடா. மேல்துண்டு மட்டும் போட்டுக்கிட்டு, ஃபேன அஞ்சுல வெச்சுத்தான் தூங்குறாரு.”

கரையில் நின்ற அபயா மெதுவாகத் திரும்பினாள். “அது உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?”

போன் இன்னும் காதில்தான் இருந்தது. புனேயும் பதிலுக்குக் காத்திருந்தது.

“எதிர் ஜன்னல்தானேடி” என்றார் சௌந்தரவல்லி. முகம் மஞ்சளிலிருந்து குங்குமத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. “தொறந்து கெடந்தா தெரியாதா?”

அபயா சிரிக்க ஆரம்பித்தாள். இதை எழுதிக்கொண்டிருக்கும் இப்போதும், எதிர்வீட்டில் அவர்கள் இருவரும் என் முடிச்சுகளை அரிவாள்மணையால் அறுத்துப் பெட்டிகளைப் பிரிக்கிற சத்தத்துக்கு மேலே, அந்தச் சிரிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறது.